பூட்டுப் போட்ட தபால் பை

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது. ஆளின் பெயர், டிவிசன் பெயர், தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான் விலாசம். யாருக்குக் கடிதம் வந்தாலும் அது முதலில் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். பெரிய கிளாக்கர் பையைத் திறந்து பிரித்துவைப்பார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடி நிற்கும்போது, பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக் கடிதமோ கல்யாணப் பத்திரிகையோ, கொழும்பில் கடையில் நிற்கும் மகனைப் பற்றிய செய்தியோ, ஆபீஸ் மேசையில் ஓர் இரவு படுத்து எழும்பாமல் எங்கள் கைக்கு எதுவும் வந்ததில்லை. அதைத் தப்பு என்று நாங்கள் நினைத்ததும் இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்றை யார்தான் தப்பு என்று நினைப்பார்கள்?

அந்தப் பையைச் சுமந்தவர் என் அப்பா. காக்கித் துணிப் பை, வாயில் ஒரு பித்தளைப் பூட்டு. அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தபாலகத்தில், மற்றது ஆபீசில். அப்பாவிடம் சாவி இல்லை. காலையில் பையோடு தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்குவார், மத்தியானத்துக்கு முன் ஏறி வருவார். மழை பிடித்தால் றப்பர் சீட்டைப் பையின் மேல் போட்டுவிட்டுத் தான் நனைவார். அம்மா உயிரோடு இருந்த காலத்தில் இதற்காகவே திட்டு வாங்குவார். "பைக்குக் காச்சல் வராது, ஒங்களுக்குத்தான் வரும்" என்று அம்மா தலையைத் துவட்டிவிடுவாள். அப்பா சிரித்துக்கொண்டே தலையைக் கொடுப்பார்.

அவருக்கு அந்தப் பையில் ஒரு பெருமை இருந்தது. கொழுந்து பறிக்கவோ கவ்வாத்து வெட்டவோ யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம், பையை யாரிடமும் கொடுத்துவிட முடியாது என்பார். வழியில் யாராவது மறித்து, "எனக்கு ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டால், "ரோட்டுல பை தொறக்கறதில்ல" என்று ஒரு நீதவான் தோரணையில் சொல்லிவிட்டு நடப்பார். பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்வோம். சோற்றுச் சட்டியை நான் மூடிவைத்திருந்தால்கூட, "வீட்டுல தொறக்கலாம்ப்பா, ரோட்டுலதான் தொறக்கக்கூடாது" என்பேன்.

நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். பள்ளியில் உயர்தரம் முடித்த கையோடு உதவியாளாகச் சேர்ந்தவள்தான். பால் கரைக்க, தொட்டில் ஆட்ட, மூக்கைத் துடைக்க, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குச் சோறு ஊட்ட எல்லாம் அங்கேதான் பழகினேன். பொறுப்பாளராக இருந்த மிஸ் ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்ததும், சனி ஞாயிறுகளில் ஹட்டனுக்கு வகுப்புக்குப் போய் சிறுவர் பராமரிப்பில் டிப்ளோமா முடித்தேன். அந்த இடம் எனக்குத்தான் என்று லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும்தான் நினைத்தேன். பொறுப்பாளர் என்றால் ஸ்டாப், ஆபீஸ் உத்தியோகத்தர் மாதிரி. ஸ்டாப் என்றால் நாற்காலி, பெயருக்குப் பின்னால் ஒரு 'மிஸ்'.

நேர்முகத் தேர்வில் தோட்டத்து மேனேஜர், எங்கள் தொரை, மரியாதையாகத்தான் பேசினார். சான்றிதழைப் பார்த்தார். நல்லது என்றார். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"நீ வேலை நல்லா செய்யிற. ஆனா ஸ்டாப் வேலைக்கு லயத்து ஆள் சரி வராது. ஒன்னோட சொந்தக்காரங்களே ஒன் பேச்சக் கேக்க மாட்டாங்க."

அவர் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. டவுனில் இன்றைக்கு மழை என்று சொல்வதுபோலச் சொன்னார். பெரிய கிளாக்கர் பக்கத்திலிருந்து தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை.

அந்த இடத்துக்கு டவுனிலிருந்து ஒரு பெண் வந்தாள். டிப்ளோமா இல்லை. நல்ல பெண். வந்த முதல் வாரமே, "அக்கா, இந்தப் புள்ள ஏன் தூங்காம அழுவுது?" என்று என்னிடம்தான் கேட்டாள். அவள்மேல் கோபப்பட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது, முடியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் நான் புகார் கொடுக்கக் கிளம்பினேன்.

முதலில் தொழிற்சங்கத்துத் தலைவரிடம் சொன்னேன். "பாத்துப் பேசிக்கலாம்" என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்து டவுனில் தொழில் அலுவலகம். சம்பளம் பிடித்தார்களா, வேலையை விட்டு நிறுத்தினார்களா என்று முன் மேசையில் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றேன். அப்படியானால் இது பாரபட்சம், மனித உரிமை ஆணைக்குழுப் பக்கம் போங்கள் என்றார்கள். அது வேறு ஊரில். விடியலில் பஸ் ஏறிப் போனேன். அங்கே பொறுமையாகக் கேட்டு, தோட்டம் தனியார் கம்பனி என்பதால் தங்களுக்கு அதிகாரம் குறைவு என்று விளக்கி, என் புகாரின் பிரதியைத் தொழில் அலுவலகத்துக்கே அனுப்பிவைத்தார்கள். நான் பஸ்ஸில் ஏறிப் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து என் புகார் தபாலில் டவுனுக்கே திரும்பி வந்தது. சிரிப்புத்தான் வந்தது. வேறென்ன செய்வது? ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு லீவு, ஒவ்வொரு லீவுக்கும் பெரிய கிளாக்கரின் ஒரு பார்வை.

மறுபடி போனபோது தொழில் அலுவலகத்தில் ஓர் அதிகாரி அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்டவர். என் புகாரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்து வாசித்தார். அதுவரை அதை யாரும் முழுதாக வாசித்ததில்லை.

"இந்த வசனத்தை அவர் உங்களுக்கு நேர சொன்னவரோ?"

"ஆமாங்க. பெரிய கிளாக்கரும் கூட இருந்தாருங்க."

"அந்த வேலைக்கு ஆள் வந்திட்டுது. இனி உங்களுக்கு என்ன வேணும், பிள்ளை?"

நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "வேல கெடைக்காட்டியும் பரவாயில்லங்க. லயத்துல பொறந்தது ஒரு கொற இல்லன்னு அரசாங்கம் எழுதித் தந்தா போதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதுறது பிறகு. முதல்ல ரெண்டு பகுதியையும் கூப்பிட்டு விசாரிப்பம். திகதி போட்டுக் கடிதம் அனுப்புறன்" என்றார். பிறகு விலாசத்தைப் பார்த்து நிறுத்தினார். "தோட்டத்து விலாசம்தானே குடுத்திருக்கிறியள். வேற விலாசம் இல்லையோ?"

"பயமில்லைங்க. எங்க அப்பாதாங்க தபால் கொண்டாறவரு" என்றேன்.

அதை எத்தனை பெருமையாகச் சொன்னேன்! அந்த அம்மாவும் நிம்மதியாகத் தலையாட்டினார். கைத்தொலைபேசி இலக்கமும் எழுதிக் கொடுத்தேன்தான். ஆனால் அரசாங்கம் பேச நினைத்தால் கடிதத்தில்தான் பேசும்.

புகார் விஷயம் அப்பாவுக்குத் தெரியும். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "கேக்குறதுக்கு ஒரு எடம் இருந்தா கேக்கத்தான வேணும்" என்றார், அவ்வளவுதான். தினமும் மத்தியானம் அவர் பையை ஆபீசில் வைத்துவிட்டு வரும்போது பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று கேட்பேன். "பை ஆபீசுக்குப் போயிருச்சு பாப்பா. வந்திருந்தா பெரட்டுல குடுப்பாங்க" என்பார்.

ஒரு நாள் மட்டும் நான் கேட்கு முன்பே சிரித்துக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் கடையிலிருந்து இரண்டு பணிஸ், சீனி தூவிய பன், வாங்கி வந்திருந்தார். ஒன்றை என் கையில் வைத்து, "நாளைக்கு வெள்ளனயே எந்திரிச்சுப் பெரட்டுக்குப் போ" என்றார். எனக்குப் பெரட்டில் வேலை இல்லை. எதற்கு என்று கேட்டேன். "போயேன்" என்றார். ஏதோ கூட்டம் என்று நினைத்துப் போய் நின்றேன். பனியில் நடுங்கியதுதான் மிச்சம், யாரும் என் பெயரைக் கூப்பிடவில்லை. அன்று மத்தியானம் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாட்களிலும்தான். காய்ச்சல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

கடிதம் வரவே இல்லை என்று நானே தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அந்த அம்மா என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"ஏன் பிள்ளை அண்டைக்கு வரேல்லை? தோட்டத்தில இருந்து வந்திருந்தவை. நீங்கள் வராதபடியால் புகார்ல விஷயம் இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டினம்."

கடிதமே வரவில்லை என்றேன். அனுப்பிய பிரதியைக் காட்டினார். அதே காகிதக் கட்டில் தொரைக்குப் போன அழைப்பின் பிரதியும் இருந்தது. ஒரே நாளில் தபாலில் போட்டது, ஒரே பைக்குள் போயிருக்க வேண்டியது. அவருக்குப் போனது போய்ச் சேர்ந்திருக்கிறது, எனக்கு வந்தது காணாமல் போயிருக்கிறது.

அன்று பின்னேரம் அடுப்படியில் அப்பாவைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மறைக்கத் தெரியாத மனிதர்.

"வந்துச்சு பாப்பா. போஸ்ட்மாஸ்டர் மாத்தயா எடுத்துக் காட்டுனாரு. மகளுக்கு அரசாங்கக் கடுதாசி, கையில தரவான்னு கேட்டாரு. பையிலயே போடுங்கன்னு சொன்னேன்."

"ஏன்ப்பா?"

"பைய ரோட்டுல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். விறகைத் தள்ளிவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அரசாங்கம் ஒனக்கு எழுதியிருக்கு. பெரட்டுல ஒம் பேரக் கூப்புட்டு, அத்தன பேரும் பாக்கக் குடுக்கட்டும்னு நெனச்சேன்."

பணிஸ் வாங்கி வந்தது அதற்குத்தான்.

"கெடைக்கலன்னதும் ஏன் சொல்லல?"

"இன்னைக்குக் குடுப்பாங்க, நாளைக்குக் குடுப்பாங்கன்னு இருந்தேன். கிளாக்கரய்யாகிட்டக் கேக்க முடியுமா? பைக்குள்ள இருந்தது ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாரே."

எனக்கு வந்த கோபத்தில் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் எறிய முடியாது.

தொழில் அலுவலகத்து அம்மா நல்லவர். இன்னொரு முறை விசாரிக்கச் சம்மதித்தார். ஆனால் கடிதம் தோட்டத்துக்கு வந்தது என்று யாராவது சொல்ல வேண்டும் என்றார். போஸ்ட்மாஸ்டர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். மிஞ்சியவர் பை சுமந்தவர் மட்டும்தான். வந்து சொல்வீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். "நடந்தது நடந்ததுதான. சொல்லிட்டாப் போச்சு" என்றார். இந்த முறை திகதியை நான் நேரிலேயே போய் வாங்கி வந்தேன்.

அன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற சட்டை. எங்கள் ஸ்டேஷனான வட்டகொடையில் ரயிலேறினோம். மடியில் பை இல்லாததால் அப்பா வழி முழுக்கக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

அறைக்குள் தொரையும் பெரிய கிளாக்கரும் முன்பே இருந்தார்கள். அப்பா வாசலிலேயே கம்பளித் தொப்பியைக் கழற்றினார். "என்னா, கால் வலி எப்புடி?" என்று தொரை கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். "கொறைவுங்க தொரை" என்றார் அப்பா.

"இருங்கோ ஐயா" என்று அந்த அம்மா நாற்காலியைக் காட்டினார்.

"இருக்கட்டுங்கம்மா." அவர் உட்காரவில்லை. தொரை உட்கார்ந்திருக்கும் அறையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன், அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

கடிதம் எதுவும் பையில் வரவில்லை என்று பெரிய கிளாக்கர் சொன்னார். அந்த அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்கட மகளுக்கு இந்தக் கந்தோரில இருந்து கடிதம் வந்ததோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பைக்குள்ள என்னா இருக்குன்னு நாங்க பாக்குறதில்லீங்கம்மா."

"போஸ்ட்மாஸ்டர் காட்டினவர் எண்டு மகள் சொல்லுறா."

"ஞாபகம் இல்லீங்க."

எந்த வீட்டுக்கு எந்த மாதம் யார் எழுதினார்கள் என்று தபாலகத்தில் பையைப் பூட்டுமுன் கண்ட உறையை வைத்தே சொல்கிற மனிதர் அவர். பெரிய கிளாக்கர் மூச்சை விட்டார். அந்த அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு எழுதினார். மற்ற விஷயத்தைக் கேட்டபோது, தான் அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்று தொரை சொன்னார். பெரிய கிளாக்கருக்கும் நினைவில்லை. அந்த அறையில் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது நான் ஒருத்திதான்.

ஸ்டேஷனில் நான் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன், அப்பா தள்ளி இன்னொரு வாங்கில். ரயில் வரும்வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை. ஏறும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"கிளாக்கரய்யா போன வாரம் சொன்னாரு. இத்தன வருசத்துல ஒரு கடுதாசி தொலஞ்சுச்சுன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா, ஒங்க மகதான் மொதல்ல சொல்லுதுன்னு. பைய நாந்தான பாப்பா தூக்குனேன். தொலஞ்சா எந் தலையிலதான் விடியும்."

அவர் பயந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை, நாங்கள் எல்லோரும் பயந்தவர்கள்தான். இருக்கிற காம்பராவும் தோட்டத்துடையதுதான். ஆனால் என் பெயரைவிடப் பையின் பெயர் அவருக்குப் பெரிதாகிவிட்டதே என்று அன்று நினைத்தேன். அந்த நினைப்போடு பல நாள் அவருக்குச் சோறு போட்டேன். பேச்சு மட்டும் போடவில்லை. அவரும் கேட்கவில்லை. சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைத் தானே கழுவிவைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்.

பிள்ளைக்காம்பராவில் அதே உதவியாளாகத்தான் இருந்தேன். ஒரு மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரம். வெளியே நல்ல மழை. வாசலில் அப்பா நின்றார். பை தோளில் இருந்தது, பூட்டு தொங்கியது. ஆபீசுக்குப் போகாமல் பையோடு அவர் வேறு எங்கும் நின்று நான் பார்த்ததே இல்லை. றப்பர் சீட்டு பையின் மேல் இல்லை. அதைத் தன் நெஞ்சுக்குக் குறுக்கே சுற்றிக் கட்டியிருந்தார். பை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

கட்டை அவிழ்த்து, சட்டைப் பையிலிருந்து ஷாப்பிங் பேக்கில் சுருட்டிய ஓர் உறையை எடுத்தார். அரசாங்கப் பழுப்பு உறை.

"புது போஸ்ட்மாஸ்டர் மாத்தயாகிட்டக் கேட்டேன். எம் மகளுக்கு வந்தா பையில போடாதீங்க, எங்கையிலயே குடுங்கன்னு சொல்லிவச்சிருந்தேன்."

கை ஈரத்தைச் சாரத்தில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் நீட்டினார். நான் பிரித்தேன். மேலே சிங்களம், கீழே தமிழ். தமிழ் நாலே வரிதான். போதிய சாட்சியங்கள் இல்லாமையால் என் முறைப்பாடு தொடர்பான விசாரணைக் கோவை மூடப்பட்டுள்ளதாக அறியத்தந்திருந்தார்கள்.

அப்பாவுக்கு உறையில் பெயரும் ஊரும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். கடிதம் வாசிக்க வராது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையிலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

"இந்தத் தடவ நேரத்துக்கு வந்துருச்சில்ல பாப்பா?"

நான் பிள்ளைகளுக்கு வைத்திருந்த துவாயை எடுத்து, அவர் தலையைத் துவட்டினேன்.

"வந்துருச்சுப்பா" என்றேன்.